ஆய்வு நல்கை: தொகையும் கடைசித் தேதியும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்விப் பக்கங்களில் வெளிநாட்டு உதவித்தொகை அறிவிப்பு வரும்போதெல்லாம் தொகையும் கடைசித் தேதியும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. முதுகலை படிக்கக் கிளம்புகிறவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். உயர்கல்வியையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு முனைவர் பட்டம் செய்பவருக்குப் போதாது. மாணவர்களின் நாடு கடந்த நகர்வு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளை வளாகங்கள், பட்டங்களுக்கான அங்கீகாரம், தரவரிசைகளால் நிர்வாகத்தில் வரும் மாற்றம் என்று ஆராய்கிறவர்கள் அந்த அறிவிப்பை நம்பி மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். முன்மொழிவை (எதை, எப்படி ஆராயப் போகிறோம் என்ற ஆய்வுத் திட்டத்தை) யாரும் படிக்கும் முன்பே தகுதிச் சரிபார்ப்பில் கழிக்கப்படுகிறார்கள்.

இத்துறையில் நெறியாளர்களாகவும் விண்ணப்ப மதிப்பீட்டாளர்களாகவும் பணியாற்றும் எங்கள் வேண்டுகோள் இது: நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) அறிவிப்புகளில் இன்னும் நான்கு விவரங்களைச் சேர்த்து வெளியிடுங்கள். ஆய்வின் எந்தக் கட்டத்துக்கான பணம் அது? விண்ணப்பிப்பவர் எங்கே பதிவு செய்திருக்க வேண்டும், எங்கே வசித்திருக்கக் கூடாது? எந்தெந்தச் செலவுக்கு அது கிடையாது? பணம் மாணவர் கணக்குக்கு வருமா, பல்கலைக்கழகத்துக்குப் போகுமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சர்வதேச உயர்கல்வி என்பது ஆய்வுத் துறையாக நன்றாகவே வேரூன்றிவிட்டது. பாஸ்டன் கல்லூரியில் ஃபிலிப் ஆல்ட்பாக் 1995இல் தொடங்கிய மையம் இந்தப் பெயரிலேயே இயங்குகிறது. ஐரோப்பாவில் உயர்கல்வி ஆய்வாளர் கூட்டமைப்பு 1988 முதல் இருக்கிறது. பிரிட்டனில் பொருளாதார, சமூக ஆய்வுக் கழகத்தின் நிதியில் 2015இல் உலக உயர்கல்விக்கென ஓர் ஆய்வு மையம் உருவானது. தனி ஆய்விதழ்களும் உண்டு. ஆனால் நிதி தரும் அமைப்பின் படிவத்தில் துறையைத் தேர்வுசெய்யும் இடத்தில் இந்தப் பெயர் அநேகமாக இருக்காது. கல்வியியல், சமூகவியல், அரசியல் அறிவியல், பொருளாதாரம், புலம்பெயர்வு ஆய்வு, சட்டம் என்றுதான் இருக்கும். எதை டிக் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் விண்ணப்பம் யார் மேசைக்குப் போகும் என்பது முடிவாகிறது. வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய ஒரே முன்மொழிவில், புலம்பெயர்வுக் குழு விசா விதிகளையும் வேலைச் சந்தையையும் தேடும். கல்வியியல் குழு வகுப்பறையையும் நிறுவனத்தையும் தேடும். கிளை வளாக அனுமதி பற்றிய ஆய்வைப் பொதுக் கொள்கைக் குழு விரும்பிப் படிக்கும். அதே ஆய்வு கல்வியியல் குழுவுக்குப் போனால் ‘கற்றல் எங்கே?’ என்று கேட்டுத் திருப்பிவிடும். ஆகவே, தேடும்போதே துறைப் பெயரை விட்டுவிட்டுத் தன் கேள்வி எந்தப் பழைய துறைக்குள் உட்காரும் என்று பார்த்துத் தேட வேண்டும். ஒரே முன்மொழிவை ஐந்து இடங்களுக்கு அப்படியே அனுப்புவது வீண் வேலை.

அடுத்து, கட்டம். ஸ்பென்சர் அறக்கட்டளையின் நிதியில் அமெரிக்கத் தேசியக் கல்வி அகாதெமி வழங்கும் ஆய்வேட்டு நல்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 27,500 டாலர் என்றதும் இதை வைத்துக் களஆய்வை முடித்துவிடலாம் என்று தோன்றும். அது தரவு திரட்டுவதற்கான பணமே அல்ல. தரவு கைக்கு வந்தபின் பகுப்பாய்வை முடித்து ஆய்வேட்டை எழுதும் ஆண்டுக்கானது. அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட மாணவராக இருக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் சிறு ஆய்வு நல்கை வேறு வகை. அதில் முனைவர் பட்ட மாணவர் குழுவில் ஒருவராக இருக்கலாம். முதன்மை ஆய்வாளராகப் பெயர் போட முடியாது. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வெளியிடும்போது படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் உதவித்தொகை மூன்றாவது வகை. சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர் பிரிட்டனில் 12 மாதங்கள் வரை தங்கி ஆய்வின் ஒரு பகுதியைச் செய்யலாம். பட்டம் தருவது சொந்த நாட்டுப் பல்கலைக்கழகம்தான். உயர்கல்வியை ஒப்பிட்டு ஆராய்கிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனாலும் முழுநேர வெளிநாட்டுப் பட்டத்தையே எல்லோரும் தேடுவதால் இதைக் கவனிப்பவர்கள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கோடோவ்ஸ்கா கியூரி ஆய்வு வலையமைப்புகளோ நல்கை என்பதைவிட வேலை என்றே சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்கள் கூட்டாகத் திட்டத்தை வென்றபின், முனைவர் பட்ட இடங்களை வேலைவாய்ப்பாக விளம்பரம் செய்கின்றன. தேர்வானவர் பணி ஒப்பந்தத்தில் சேர்கிறார். தலைப்பைத் திட்டமே பெரும்பாலும் வகுத்திருக்கும். தன் தலைப்பை எடுத்துக்கொண்டு போய் நிதி கேட்கிற இடம் அதுவல்ல.

வசிப்பிட விதிதான் பலரைக் காலைவாரிவிடுகிறது. கியூரி திட்டத்தில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை, படிப்பு போன்ற முதன்மைப் பணியைச் செய்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் இரண்டாண்டு முதுகலை முடித்துவிட்டு அங்கேயே இருப்பவர், அதே வலையமைப்பில் ஜெர்மன் பல்கலைக்கழக இடத்துக்குத் தகுதி இழக்கிறார். நெதர்லாந்து இடத்துக்குத் தகுதியோடு இருக்கிறார். இதை அறியாமல் பழகிய ஊரிலேயே கேட்டுவிட்டு வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி தரும் ஆய்வு உதவித்தொகையிலும் விண்ணப்பக் கடைசித் தேதியன்று ஜெர்மனியில் 15 மாதங்களுக்கு மேல் வசித்திருப்பவர்களைப் பரிசீலிப்பதில்லை. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் நிதியில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்கா செல்பவருக்குப் பிந்தைய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது: விலக்கு பெறாவிட்டால், சொந்த நாட்டில் மொத்தம் 2 ஆண்டுகள் இருந்த பிறகே எச்-1பி வேலை விசாவோ நிரந்தரக் குடியேற்றமோ கிடைக்கும். ஆய்வை முடித்த கையோடு அங்கேயே ஆசிரியப் பணி தேட நினைப்பவர் இதைக் கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டியல்கள் பழையதாகிப் போவது இன்னொரு சிக்கல். வெளிநாட்டுக் களஆய்வு என்றாலே ஒரு காலத்தில் எல்லோரும் சொல்லும் பெயர், அமெரிக்கச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் 1997இல் தொடங்கிய சர்வதேச ஆய்வேட்டு நல்கை. அது இப்போது இல்லை. இணையத்தில் சுற்றும் தொகுப்புகளில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வேட்டு நல்கைக்கான 2025ஆம் ஆண்டுப் போட்டியை அமெரிக்கக் கல்வித் துறை ரத்து செய்தது. நிதி தரும் அமைப்பின் சொந்த அறிவிப்பில் நடப்பு ஆண்டு எண் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதத் தொடங்கக் கூடாது. வெளியிடும் முன் அதே சோதனையை உங்கள் அலுவலகமும் செய்தால் புண்ணியமாகப் போகும்.

இனி முன்மொழிவு. மதிப்பீட்டுக் குழுவில் உட்காருகிறவர்களில் இத்துறைக்காரர் ஒருவர் இருந்தாலே அதிகம். மற்றவர்கள் முதல் பக்கத்தில் கேள்வி பிடிபடவில்லை என்றால் மேலே போகமாட்டார்கள். ‘உலகமயச் சூழலில் உயர்கல்வியின் சர்வதேசமயமாக்கல்: ஓர் ஆய்வு’ என்ற மாதிரித் தலைப்பு வரும்போது, என்ன தரவு, யாரிடமிருந்து, எத்தனை நாளில் என்று எதையும் ஊகிக்க முடிவதில்லை. அதே அக்கறையை இப்படிக் குறுக்கலாம். உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிப்பதற்கான யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு, 2023 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுத் தகுதியை ஏற்க மறுப்பதானால் ‘கணிசமான வேறுபாடு’ இருப்பதை மறுக்கிற தரப்பே காட்ட வேண்டும் என்ற நெறி, ஐரோப்பிய வட்டாரத்துக்கான 1997ஆம் ஆண்டு லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கையிலேயே உண்டு. கேள்வி இது: உடன்படிக்கையை ஏற்ற இரண்டு நாடுகளின் மதிப்பீட்டு அலுவலர்கள், இணையவழியில் பெற்ற ஒரு பட்டத்தை மறுக்கும்போது எதைக் கணிசமான வேறுபாடு என்று கோப்பில் எழுதுகிறார்கள்? இப்படிக் கேட்டவுடன் தரவு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது: முடிவுக் கோப்புகள், அலுவலர் நேர்காணல்கள், உள் வழிகாட்டிக் குறிப்புகள். எந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும், எத்தனை கோப்பு, எத்தனை நாள் என்பதும் பின்னாலேயே வந்துவிடும். பட்ஜெட் பாதி எழுதி முடித்த மாதிரிதான்.

எண்களை எடுத்தாளும்போது பெரும்பாலானவர்கள் இடறும் இடம், ‘வெளிநாட்டு மாணவர்’ என்று யாரைக் கணக்கெடுத்திருக்கிறார்கள் என்பது. யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனத்தின்படி 2022இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 69 லட்சம் மாணவர்கள் நாடு கடந்து படித்தார்கள். கல்விக்காக எல்லை தாண்டி, வேறு நாட்டில் பட்டப் படிப்பில் பதிவு செய்தவர்கள் இதில் அடங்குவர். ஒரு பருவத்துக்குப் பரிமாற்றத்தில் போய் வருகிறவர்கள் பொதுவாக இதில் இல்லை. அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களை ஆண்டுதோறும் கணக்கிடும் அமெரிக்காவின் ஓப்பன் டோர்ஸ் அறிக்கையோ பட்டம் சாராமல் படிப்பவர்களையும், படிப்பை முடித்து ஓபிடி பயிற்சி அனுமதியில் வேலை பார்ப்பவர்களையும் மொத்தத்தில் சேர்க்கிறது. பிரிட்டனின் புள்ளிவிவரம் மாணவர் எங்கிருந்து வந்தார் என்பதை வசிப்பிட அடிப்படையில் பார்க்கிறது. இன்னும் சில நாடுகளில் குடியுரிமைதான் அளவுகோல். அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளி முடித்த குடியேறியவரின் மகளும் ‘வெளிநாட்டு மாணவி’ ஆகிவிடுவார். இவற்றை ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘அந்த நாட்டில் கூடியது, இந்த நாட்டில் குறைந்தது’ என்று எழுதினால், குழுவில் விஷயம் தெரிந்த ஒருவர் போதும், விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். எந்த மூலம், எந்த வரையறை, எந்த ஆண்டு என்று மூன்று வரியில் எழுதிவிட்டால் அதே ஆள் அந்த விண்ணப்பத்துக்காக வாதாடுவார்.

நாடுகளைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணமும் அப்படித்தான். ‘இவை இரண்டும் முக்கியமான நாடுகள்’ என்பது காரணமாகாது. ஒரே சட்ட மரபு, வேறுபட்ட கட்டணக் கொள்கை; அல்லது ஒரே உடன்படிக்கை, வேறுபட்ட நிர்வாக அமைப்பு என்று எது மாறாமல் இருக்கிறது, எது மாறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று நாடுகளைப் போட்டால் ஆய்வு கனமாகத் தெரியும் என்பது பிரமை. மூன்றாவது நாடு களநாட்களைக் கூட்டுகிறது, விசாவைக் கூட்டுகிறது, மொழிபெயர்ப்பைக் கூட்டுகிறது. வாதத்தைக் கூட்டுவது அபூர்வம்.

பட்ஜெட்டுக்கு வருவோம். விண்ணப்பதாரர் உண்மையிலேயே களத்தை யோசித்திருக்கிறாரா என்பது அறிமுகப் பகுதியில் தெரியாது, இங்கேதான் தெரியும். ஓர் எளிய கணக்கு. இரண்டு நாடுகளில் மொத்தம் 30 நேர்காணல், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுத, தெளிவான குரலுக்கே 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். ஐந்து என்று வைத்தாலும் 150 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் காதும் கவனமும் தாங்காது. ஆக 25 வேலை நாள். நேர்காணல் வேறு மொழியில் என்றால் மொழிபெயர்ப்புக்குக் குறைந்தது இன்னொரு 25 நாள். பெரும்பாலான கால அட்டவணைகளில் இந்த 50 நாட்களுக்கு இடமே இருக்காது. ‘தரவுப் பகுப்பாய்வு: 1 மாதம்’ என்று ஒற்றை வரி இருக்கும். தானியங்கி மென்பொருள் செய்துவிடும் என்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். இரு மொழி கலந்த பேச்சில் அது பெயர்களையும் சட்டச் சொற்களையும் சிதைக்கும், திருத்தவே நேரம் போகும். அதோடு, ஒலிக்கோப்பை வெளி சர்வரில் ஏற்றுவதற்கு நேர்காணல் தந்தவரின் ஒப்புதல் படிவத்தில் இடம் இருக்க வேண்டும்.

பதிவாளர்கள், அமைச்சக அதிகாரிகள், சர்வதேசப் பிரிவு இயக்குநர்கள் போன்றோரை நாளுக்கு இரண்டு பேருக்கு மேல் சந்திக்கத் திட்டமிடுவது நடக்காத காரியம். கடைசி நேரத்தில் தள்ளிப்போடுவது அவர்கள் வழக்கம். ஆகவே சந்திப்பு நாட்களைப்போல் பாதி அளவுக்குக் கூடுதல் நாட்கள் வேண்டும். அவற்றை ‘ஒத்திவைப்புக்கான நாட்கள், அந்நாட்களில் ஆவணக் காப்பகப் பணி’ என்று வெளிப்படையாகவே எழுதலாம். குழு இதை ரசிக்கும். தங்கும் செலவுக்கு நிதி தரும் அமைப்பே தினப்படி விகிதம் வைத்திருந்தால் அதையே போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் செலவு, நாட்கள், பெருக்கல் என்று மூன்றும் தெரியும்படி எழுத வேண்டும். நாணய மாற்று விகிதத்தையும் அது எந்தத் தேதிக்குரியது என்பதையும் குறித்தாக வேண்டும். விசாக் கட்டணம், ஆய்வு அனுமதிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் அடிக்கடி விட்டுப்போகின்றன. மடிக்கணினியை அநேக நல்கைகள் ஏற்பதில்லை. தெரியாமல் சேர்த்தால் விதிமுறையைப் படிக்காதவர் என்ற முத்திரை விழும். முழு எண்களில் உருண்டு நிற்கும் தொகைகளும், ‘இதர செலவுகள்’ என்ற பெயரில் வீங்கி நிற்கும் வரியும் சந்தேகத்தை வரவழைக்கும். கேட்கும் மொத்தம், உச்சவரம்போடு கச்சிதமாகப் பொருந்தினாலும் அப்படியே. வரம்பைவிடக் குறைவாகக் கேட்டதற்காக யாரையும் கழித்ததில்லை.

ஒரே நல்கையில் முழு ஆய்வையும் முடிக்க நினைப்பது இத்துறையில் நடைமுறைக்கு ஒத்துவராது. மாதாந்திர உதவித்தொகை ஓரிடம், களப்பயணம் இன்னோரிடம், எழுதும் ஆண்டு வேறோரிடம் என்று துண்டு துண்டாகத்தான் சேரும். அதில் தவறில்லை. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவதுதான் தவறு. கண்டுபிடிக்கப்பட்டால் திருப்பிக் கட்ட வேண்டிவரும். எந்தச் செலவு எந்த நிதியில் என்று ஒரு தாளில் அட்டவணை போட்டு, கிடைத்ததையும் கேட்டிருப்பதையும் தனித்தனியே காட்டி, எல்லா விண்ணப்பங்களிலும் இணைப்பதே பாதுகாப்பு.

கடிதங்கள். களத்தில் ஏற்கும் நிறுவனம் ‘தங்கள் வருகையை மகிழ்ச்சியுடன் எதிர்நோக்குகிறோம்’ என்று எழுதித் தருவதால் பயன் எதுவும் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பேராசிரியரின் பொறுப்பில், நூலக அனுமதி உண்டா, மேசை உண்டா, கோப்புகளைப் பார்க்க விடுவார்களா, கட்டணம் ஏதும் கேட்பார்களா என்பவை முறையான தலைப்புத்தாளில் கையொப்பத்தோடு வேண்டும். பேராசிரியர்களுக்கு இதை யோசித்து எழுத நேரமிருக்காது. தேவையான விவரங்களைப் புள்ளிகளாக எழுதி மாணவரே அனுப்புவது மரியாதைக் குறைவல்ல, அவர்களுக்கு உதவி. பரிந்துரைக் கடிதங்களுக்கு ஆறு வாரம் முன்னதாகவே முன்மொழிவோடும் மதிப்பீட்டு அளவுகோல்களோடும் கேட்க வேண்டும். மூன்று பேரும் ‘கடின உழைப்பாளி’ என்றே எழுதினால் மூன்றும் சேர்ந்து ஒரு கடிதம்தான். ஒருவர் ஆய்வு முறையைப் பற்றியும், ஒருவர் மொழித் திறனையும் களத்தில் நடந்துகொள்ளும் பக்குவத்தையும் பற்றியும், நெறியாளர் ஆய்வின் இப்போதைய நிலையைப் பற்றியும் எழுதினால் எடை கூடும்.

அறநெறிக் குழு (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் குழு) ஒப்புதலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் வழக்கமாகிவிட்டது. பதிவு செய்த பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் ஒன்று போதும் என்று எண்ணுகிறார்கள். ஆய்வு நடக்கும் பல்கலைக்கழகமும் தன் ஒப்புதலைத் தனியாகக் கேட்கலாம், சில நாடுகளில் அரசின் ஆய்வு அனுமதியும் வேண்டும். சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுப்பது சில இடங்களில் விதிமீறல். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மாணவர்களின் மின்னஞ்சல் பட்டியலைப் பல்கலைக்கழகம் வெளி ஆய்வாளரிடம் எளிதில் கொடுத்துவிட முடியாது. அதிகபட்சம், அவர்களே சுற்றுக்கு விடுவார்கள். அப்படி விட்டால் பதில் எத்தனை வரும் என்பது நம் கையில் இல்லை. ‘500 மாணவர்களிடம் கணக்கெடுப்பு’ என்று எழுதியவர் 60 பதிலோடு நிற்க நேரும். மாற்றுவழி என்ன என்பதை முன்மொழிவிலேயே சொல்லிவிட்டால் பின்னால் விளக்கம் எழுத வேண்டியிருக்காது. ஒப்புதல் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்தக் குழுவிடம் எந்த மாதத்தில் விண்ணப்பித்திருக்கிறார் என்பதாவது இருக்க வேண்டும். ஒப்புதல் எண் வராமல் முதல் தவணையை விடுவிக்காத அமைப்புகள் பல.

இதனால்தான் நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது. விண்ணப்பக் கடைசித் தேதிக்கும் முடிவுக்கும் இடையே நான்கு முதல் ஆறு மாதம், முடிவுக்கும் பணம் கைக்கு வருவதற்கும் இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம். அதற்கு முன் முன்மொழிவு எழுதவும் கடிதங்கள் திரட்டவும் மூன்று மாதம். ஆக, களத்தில் கால் வைக்க வேண்டிய நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே வேலை தொடங்கியிருக்க வேண்டும். முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் களத்துக்குப் போக நினைப்பவர் முதலாண்டின் முதல் பாதியிலேயே தேட ஆரம்பித்தாக வேண்டும். பலரும் ஆரம்பிப்பது இரண்டாம் ஆண்டின் நடுவில்.

பணம் யாருக்குப் போகிறது என்ற விவரத்தையும் கேட்டிருந்தோம். நல்கைப் பணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருவதானால், அதன் அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட வேண்டும். அவருடைய அலுவலகம் நல்கை அமைப்பின் கடைசித் தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே ஆவணங்களைக் கேட்கும். மேல்நிலைச் செலவு (நிர்வாகச் செலவுக்கான பங்கு) என்று ஒரு சதவீதத்தைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளுமா, அதை நல்கையின் விதி அனுமதிக்கிறதா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சில நல்கைகள் செலவு செய்தபின் ரசீதைப் பார்த்துத்தான் பணம் தரும். கைப்பணம் இல்லாதவருக்கு அது கிடைத்தும் கிடைக்காத மாதிரி. அமெரிக்காவில் எஃப் (மாணவர்) அல்லது ஜே (பரிமாற்ற) விசாவில் இருப்பவரின் உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் பாடநூலுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. வாழ்க்கைச் செலவுக்கான பகுதியில், வரி ஒப்பந்தம் கைகொடுக்காவிட்டால், பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அறிவிப்பில் உள்ள எண்ணும் கணக்கில் வரவாகும் எண்ணும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

நிதி தருபவருக்கே ஆய்வின் முடிவில் ஆர்வம் இருக்கும் இடங்களும் இத்துறையில் உண்டு. ஆங்கிலத் தேர்வுகளை நடத்தும் அமைப்புகள் மொழி மதிப்பீட்டு ஆய்வுக்கு நிதி தருகின்றன: டோஃபல் தேர்வை நடத்தும் இடிஎஸ் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்றே சிறு நல்கை வழங்கியிருக்கிறது, ஐஇஎல்டிஎஸ் பங்குதாரர்களுக்கும் கூட்டு ஆய்வு நிதி உண்டு. நல்ல ஆய்வுகள் அதில் வந்திருக்கின்றன, ஒதுங்கிப்போக வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் முடிவுகளை வெளியிடும் உரிமை யாருடையது, வெளியிடும் முன் அவர்கள் பார்க்க வேண்டுமா, பார்க்க எத்தனை நாள், தரவை ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா என்ற நான்கு பிரிவுகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். மாணவர் சேர்க்கை முகவர்களின் நிதியாக இருந்தால் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். விண்ணப்பிக்கவே பணம் கட்டச் சொல்லும் ‘நல்கை’களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றை உங்கள் பக்கங்களில் விளம்பரமாகவும் ஏற்காமல் இருப்பது நல்லது.

கிடைத்த பிறகும் சில்லறைத் தவறுகள் பெரிதாகும். நேர்காணல்கள் தள்ளிப்போய்க் காலம் போதவில்லை என்றால், கூடுதல் பணமின்றிக் கால நீட்டிப்பைப் பெரும்பாலான அமைப்புகள் தருகின்றன. ஆனால் நல்கை முடியும் தேதிக்கு முன் கேட்க வேண்டும். முடிந்த மறுநாள் கேட்டால் மீதிப் பணம் திரும்பிப் போய்விடும். பயணத் தலைப்பில் மிஞ்சியதை மொழிபெயர்ப்புக்கு மாற்றுவதற்கும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும்.

கிடைக்காதவர்கள் மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். எல்லா அமைப்புகளும் தருவதில்லை; தருகிறவை கேட்டால்தான் தரும், அதற்கும் கெடு உண்டு. குறிப்பில் ‘ஆய்வுக் கேள்வி தெளிவில்லை’ என்று இருந்தால் முன்மொழிவைத் திருத்தி அடுத்த ஆண்டு அங்கேயே அனுப்பலாம். ‘எங்கள் முன்னுரிமைக்குள் வரவில்லை’ என்று இருந்தால் எத்தனை திருத்தினாலும் அங்கே பலிக்காது. அதே முன்மொழிவு வேறொரு துறைக் குழுவுக்குப் போக வேண்டும். மறுமுறை அனுப்ப அனுமதிக்கும் அமைப்புகள் சிலவற்றில், முந்தைய குறிப்புகளுக்கு என்ன பதில் என்று ஒரு பக்கம் கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் மதிப்பீட்டாளரோடு வாதம் செய்யாமல், எந்தப் பத்தியில் என்ன மாற்றப்பட்டது என்று மட்டும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உயர்கல்வித் துறை ஆய்வு நெறியாளர்கள் சிலர்